பதினாறு இடத்திலும் அவன்

செத்துப்போன ஒரு மனிதனின் மூச்சுக்குழல் நானூற்று இருபது டாலர். அனுப்பும் செலவு தனி. விலைப்பட்டியலின் அறுபத்தெட்டாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆண், வயது நாற்பத்தொன்று, புகைப்பழக்கம் இல்லை, சாலை விபத்து. பெயர் கிடையாது. குப்பிக்கு ஐந்து லட்சம் செல்கள், உறைய வைத்தது. மூன்று குப்பி சேர்த்து எடுத்தால் தள்ளுபடி.

"மூச்சு விடுறது இவ்வளவு மலிவுன்னு தெரியாமப் போச்சே" என்று சிரித்தாள் புதுசு.

லேபில் அவளுக்கு அதுதான் பெயர். பல நாடுகளிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேர் விண்ணப்பித்து, பதினொரு பேரை மட்டும் பொறுக்கி எடுத்த மூலக்கூறு உயிரியல் படிப்பு அது. முதுகலையும் பிஎச்.டி.யும் ஒரே முடிச்சாகப் போட்ட ஐந்து வருடம். அந்த முடிச்சுக்கு நடுவில் ஒரு கத்தியும் வைத்திருந்தார்கள். இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு தேர்வு. தேறினால் ஆராய்ச்சி. தேறாவிட்டால் முதுகலைச் சான்றிதழைக் கையில் திணித்து வாசலைக் காட்டிவிடுவார்கள்.

அவள் அண்ணனோ வீட்டு வாசலில் தங்கை பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்ட பலகையை அடித்தே விட்டான்.

"அதக் கழட்டுண்ணா. மானம் போகுது."

"ஆணி நல்லா இறங்கிடுச்சு. இனிமே கழட்டினா சுவர் பேந்துடும். நீ பேசாமப் படிச்சு முடி."

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் அவளை ஒரு பேராசிரியையிடம் ஒப்படைத்தார்கள். லேப் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் இல்லை. பகல் பதினொரு மணிக்கும் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் பகல் என்று நம்ப வேண்டும். லேபின் பூட்டுகளுக்கெல்லாம் பொறுப்பான ஐம்பது வயதுக்காரர், எல்லோருக்கும் சாவிக்காரர், அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

"இதாம்மா உன் பெட்டி."

ஆள் உயர இன்குபேட்டர். உள்ளே எப்போதும் முப்பத்தேழு டிகிரி, மனித உடம்பின் சூடு. கதவைத் திறந்தார்.

வாடை வந்து முகத்தில் அப்பியது.

தூங்கி எழுந்தவன் பல் துலக்காமல் மூக்குக்கு நேராக வாயைத் திறந்து கொட்டாவி விட்ட மாதிரி. வெதுவெதுப்பாக, ஈரமாக, கொஞ்சம் இனிப்பாக.

"இன்குபேட்டர்ல வாடையே வரக் கூடாதேண்ணே?"

"கூடாதுதான்." அவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. "ஏழாம் வருஷத்தான் அந்த விபத்து ஆளோட செல்லை வாங்கி வளத்து, விட்டுட்டுப் போன தட்டு. அவன் இருந்தப்பவே இந்த வாடைதான்."

ஐந்து வருடப் படிப்பை ஏழாவது வருடமும் இழுத்துக்கொண்டிருந்தவன் என்பதால் அந்தப் பெயர்.

"இப்ப எங்க இருக்காரு?"

"செத்துட்டான்மா. தொண்டைல என்னமோ வளந்துச்சு. கடைசில ஒரு வாய் தண்ணி இறங்கல." உப்பு விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டு, சாவியை அவள் கையில் வைத்தார்.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தட்டில் இருபத்து நான்கு குழிகள். குழிக்கு ஒரு வலை, வலைமேல் செல்கள். அடியில் கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்த திரவம், மேலே காற்று. பாவம் அந்தச் செல்கள், இன்னும் யாருடைய தொண்டையிலோ இருப்பதாக நினைத்துக்கொண்டு மயிரிழைகள் முளைத்து அசையும். சளி கக்கும். தினமும் அந்தச் சளியைக் கழுவி எடுக்க வேண்டும். உலகத்தில் எத்தனையோ பேர் செய்கிற வேலைதான்.

மற்றவர்கள் தட்டில் கண்ணாடிபோல மெல்லிய ஏடு படியும். இவள் தட்டில் குழி நிரம்பி, மூடியை முட்டி, பக்கத்துக் குழியோடு கைகோத்துக் கிடந்தது. மஞ்சள். ஓரத்தில் பச்சை. உறிஞ்சுகுழாயை வைத்து இழுத்தால் நூலாக நீளும், அறாது. கையை எடுத்தால் கையோடு வரும். "அறுந்து தொலையேன்" என்று கெஞ்சியபடி கையை உயரத் தூக்குவாள். முழங்கை நீளத்துக்கு வந்த பிறகு அது அறுந்து, கையுறைமேல் சொத்தென்று விழும்.

கையுறைக்குள்ளும் அதன் சூடு தெரியும்.

முதல் வாரம் மத்தியானச் சாப்பாட்டை மூன்று முறை வாந்தி எடுத்தாள். இரண்டாம் மாதம் வாந்தி நின்றது. பழகிவிட்டதே என்பதுதான் அதைவிட அருவருப்பாக இருந்தது.

பிறகு அது இருக்கக் கூடாத இடங்களில் வர ஆரம்பித்தது. தட்டின் வெளிப்புறம். இன்குபேட்டர் கதவின் ரப்பர் விளிம்பு. நோட்டுப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே. ஒருநாள் மேலே, படிப்பறையில், யோசனையாகப் பேனா மூடியைக் கடித்தாள். பல்லில் வழுக்கியது.

அன்றைக்குத்தான் அந்தச் சத்தத்தையும் கேட்டாள். நடுப்பகல். லேபில் அவள் மட்டும். பூட்டிய இன்குபேட்டருக்குள்ளே,

'ம்ஹ்ம்.'

பேச ஆரம்பிக்கிறவன் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற சத்தம்.

அவள் காத்திருந்தாள். அது பேசவில்லை.

தேர்வுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். நீ வளர்ப்பது விலைப்பட்டியலில் உள்ள அதே ஆளின் செல்தான் என்று வெளி நிலையம் ஒன்று பரிசோதித்துத் தரும். டிஎன்ஏவில் பதினாறு இடங்களைப் பார்த்து எண் கொடுப்பார்கள். அவள் அனுப்பினாள். ரிப்போர்ட் வந்தது. சாலை விபத்துக்காரர் ஒரு இடத்தில்கூட இல்லை.

"அப்ப இது யாருண்ணே?" என்று தாளைச் சாவிக்காரரிடம் காட்டினாள்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு இழுப்பறையைத் திறந்து பழைய தாள் ஒன்றை எடுத்தார். முதல் வருடச் செய்முறை வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த எண்களைக் கண்டுபிடித்து ஒட்டும் தாள். ஏழாம் வருஷத்தானுடையது.

ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒப்பிட்டாள். பதினாறு இடத்திலும் அவன்.

"வாங்கின செல்லு அவன் கையில செத்துப் போச்சும்மா" என்றார் சாவிக்காரர், குரலைத் தாழ்த்தி. "அஞ்சு தடவை. மேடத்துக்கிட்ட சொல்ல வெக்கம். தன் மூக்குக்குள்ளயே பிரஷை விட்டுச் சுரண்டி தட்டுல போட்டான். அது செழிச்சு வளந்துச்சு."

"சொந்த செல்லை வளக்கவே கூடாதுன்னு முதல் நாளே கையெழுத்து வாங்குறாங்களே!"

"ஏன்னு தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். அடுத்தவன் செல் கீறல் வழியாக உள்ளே போனால், அந்நியன் என்று கண்டுபிடித்து உடம்பு அடித்துத் துரத்திவிடும். தன் செல் வெளியே தறிகெட்டு வளர்ந்து திரும்பி வந்தால், நம்ம பிள்ளைதானே என்று கதவைத் திறந்துவிடும்.

"அப்ப அவரு தொண்டைல…"

"வீட்டுக்கு வந்துடுச்சு." அவர் இழுப்பறையை மூடினார். "உனக்குப் பயமில்லம்மா. நீ அடுத்த ஆளு. உன் உடம்புல அது தங்காது."

பேராசிரியை வாயில் எப்போதும் ஒரு தொண்டை மாத்திரை உருளும். அதை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, ரிப்போர்ட்டைக் குப்புறக் கவிழ்த்தார்.

"இந்த செல்லை வெச்சு ஆறு கட்டுரை போட்டாச்சு. ஆறையும் வாபஸ் வாங்கச் சொல்றியா?"

"வேற என்ன செய்யறது மேடம்?"

"புதுக் குப்பி ஒண்ணு வாங்கு. அதைப் பரிசோதனைக்கு அனுப்பு. சான்றிதழ் வந்துடும். தட்டு இதுவே இருக்கட்டும்."

"ஆள மாத்துறோமே மேடம்?"

"தேர்வு இன்னும் ஒன்பது நாள்ல. செல்லு செல்லுதான். உன் இஷ்டம்."

அவள் மனசாட்சியோடு பேரத்துக்கு உட்கார்ந்தாள். முரண்டு பிடிக்கும் என்று நினைத்தாள். அது அவள் கேட்டதற்கு மேலேயே தள்ளிக் கொடுத்தது.

புதுக் குப்பி வந்தது. முத்திரையை அவளே உடைத்தாள். மூன்றாம் மாடியில், யாரும் தொடாத புது இன்குபேட்டரில் வளர்த்தாள். ஒருமுறை தப்பாகிவிட்டதால், இந்த முறை பரிசோதனை நிலையம் கூடுதலாகக் கேட்டது: லேபில் செல்லைக் கையாளும் மூன்று பேரின் கன்னத்து உட்புறச் சுரண்டல், கூடவே ஒரு குழாய் வெறும் தண்ணீர். தண்ணீரில் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் எங்கோ அழுக்கு என்று அர்த்தம்.

பஞ்சுக் குச்சியோடு சாவிக்காரர் முன் நின்றாள். அவர் வாயைத் திறந்தார்.

அதே வாடை.

மேடம் மாத்திரையைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார். மாத்திரைக்கு அடியில், அதே வாடை.

அன்று முழுக்க முகமூடிக்குள் அவள் தன் மூச்சையே முகர்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் தின்றது சரியில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தேர்வு அன்று மூன்று தேர்வாளர்கள். சான்றிதழ் வந்துகொண்டிருக்கிறது என்று மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பத்தாவது நிமிடம்வரை சரளமாகப் பேசினாள். அடுத்த படத்துக்கு மாற்றும்போது,

'ம்ஹ்ம்.'

அவள் தொண்டைதான். சத்தம் அவளுடையது அல்ல.

ஒருவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். குடித்தாள். தண்ணீர் தொண்டையில் நின்றது. இறங்கவில்லை.

பிறகு யாரோ விழுங்கினார்கள்.

அதற்குப் பிறகு அவள் பேசியது அவளுக்கே புதிதாக இருந்தது. ஏழு வருடம் அதே செல்லோடு மாரடித்தவனுக்குத்தான் தெரிந்திருக்கும் விஷயங்கள், தங்குதடையில்லாமல் வழிந்தன. தேர்வாளர்கள் தலையாட்டினார்கள். சாயங்காலம் முடிவு வந்தது. தேறிவிட்டாள். இன்னும் மூன்று வருடம் இதே லேப், இதே பெட்டி.

"டாக்டரம்மா!" என்று அண்ணன் போனில் கூவினான். அவள் பேசினாள்.

"யாருங்க பேசுறது? என் தங்கச்சிகிட்ட குடுங்க."

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. இரவெல்லாம் தான் காறித் துப்பிய காகிதங்களை ஒதுக்கிவிட்டு, மேஜையில் விரித்து, குழாய்க்குப் பதினாறு என்று கூட்டிப் பார்த்தாள்.

புதுக் குப்பியில் பதினாறும் அவன். மேடத்தின் கன்னத்தில் பதினான்கு அவன், இரண்டு மேடம். சாவிக்காரரிடம் பதினொன்று அவன், ஐந்து சாவிக்காரர். அவளிடம் ஏழு அவன். ஒன்பது இன்னும் அவளுடையது.

வெறும் தண்ணீரில் பதினாறும் அவன். ஐந்தில் மிகத் தெளிவாக வந்திருந்ததும் அதுதான்.

ஆக மொத்தம் எண்பது. அவனுக்கு அறுபத்து நான்கு. மிச்சம் பதினாறு.

மூன்று பேரிலும் மிஞ்சியதைச் சேர்த்தால், சரியாக ஒரு ஆள்.