வந்துட்டே இருக்கேன்

மூன்றாவது நாளாக அனீஸாவின் கைப்பேசியில் விமானத்தைக் காட்டும் ஆப் 'இன்னும் ஐம்பது நிமிடம்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஊர் திரும்ப அவள் புருஷன் அஸார் ஏறிய குட்டி விமானம், மூன்று வருஷமாக அவர் வேலை பார்த்த சுரங்கக் கம்பெனி இருக்கும் பனித்தீவுக்கும் அக்கரையில் இருக்கும் ஒரு சின்ன விமான நிலையத்துக்கும் நடுவே, திரையில் கடல்மேல் அப்படியே நின்றது. முந்நூறு கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், அவ்வளவுதான். மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரம். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டால் தீர்ந்துவிடும்.

அழக்கூடத் தெம்பில்லை. துஆ கேட்டு, கம்பெனிக்குப் போன் போட்டு, விசாரிக்க வந்த சொந்தங்களுக்கு டீ போட்டு, உடம்பு ஓய்ந்துவிட்டது. 'தேடிட்டிருக்கோம்' என்பதற்கு மேல் கம்பெனிக்காரன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சொந்தங்களும் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். ஐந்து வயது ஷமீராவிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை; அத்தா வரப்போகிறார் என்றே அவள் விளையாடிக்கொண்டிருந்தாள்.

விமானம் ஏறும் முன் அஸார் ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். "வந்துட்டே இருக்கேன்." இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். குளிக்கவே போயிருக்க மாட்டார், 'வந்துட்டே இருக்கேன்' என்பார். ஊரே சொல்கிற பொய்தான். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, நேற்று தாங்கமாட்டாமல் அவளும் பேசி அனுப்பியிருந்தாள்.

"எப்படியாவது வந்துடுங்க மச்சான். எந்தக் கோலத்துல வந்தாலும் பரவாயில்ல."

இன்று பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு ஓய்ந்ததும் அந்தப் பதிவில் இரண்டு நீல டிக் விழுந்தது.

ஆப்பைத் திறந்தாள். ஐம்பது இப்போது பத்தாகியிருந்தது. இறங்கும் இடத்தில் எந்த ஊரின் பெயரும் இல்லை. கைப்பேசி அடித்தது.

"மச்சான், உயிரோட இருக்கீங்களா? எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்."

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

கொல்லைக் கதவுக்கு அப்பால் சம்பா வயல், முழங்கால் தண்ணீரும் சேற்று வாடையுமாக இருட்டிக்கொண்டிருக்க, மழை விட்ட சந்தோஷத்தில் ஆயிரம் தவளைகள் காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் வாய்க்கால் பக்கம் சட்டென்று அறுந்தது. பிறகு அதற்கு இந்தப் பக்கத்து வயல். பிறகு போர்செட் வயல். மௌனம் வரப்பு வரப்பாகத் தாண்டி வந்தது.

அடுத்த வயல். அடுத்தது.

அனீஸா ஓடிப்போய்க் கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டாள். பயத்தைவிட வெட்கம்தான் அவளைக் கொன்றது. மூன்று வருஷமாக ஏங்கிக் கூப்பிட்ட மனுஷன். அவளே தாழ் போடுகிறாள்.

"அத்தாவாம்மா?" ஷமீரா பின்னாலேயே வந்து நின்றாள்.

"பேசாம இரு."

கிணற்றடித் தவளையும் நின்றது. கதவின் அடியிலிருந்து குளிர் வந்தது. இந்த ஊரில் இல்லாத குளிர். பல்லைக் கடித்துக்கொண்டு மகளுக்கும் கதவுக்கும் நடுவே, கதவுக்கு முதுகு காட்டி மண்டியிட்டாள்.

அப்போது வயல் முழுவதும் ஒரே நேரத்தில் தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. அனீஸாவுக்கு மூச்சு வந்தது. வெளியே யாரும் இல்லை. போய்விட்டது.

வெளியே யாரும் இல்லை.

முதுகு நனைந்தது. சொட்டு. இன்னொரு சொட்டு.

"வந்துட்டேன்."

ஷமீரா அம்மாவின் தோளுக்கு மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.