இருபது அடிக்குள் ஒரு அக்கா

காலையில் வேலைக்குப் போகும் வழியில் இசக்கியப்பனின் மணிக்கட்டுப் பட்டை நாலைந்து தடவை அதிரும். பால் கடை முனையில் ஒன்று, தண்ணீர்த் தொட்டி அருகே ஒன்று. அதிர்ந்தால், பேச்சுவார்த்தை இல்லாத ஆள் ஒருவர் இருபது அடிக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம். இவன் ஒரு பக்கம் திரும்புவான், அவர் ஒரு பக்கம் திரும்புவார். வடகரைப்பட்டி முழுக்க இப்படி வளைந்து வளைந்து நடந்து பழகியிருந்தது. அந்தப் புதன்கிழமை பட்டை ஒரு தடவைகூட அதிரவில்லை. ஏனென்று ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். செய்து வைத்தவன் அவன்.

அவனுக்கு வேலை வட்ட மனத்தாங்கல் பதிவகத்தில். யாரோடாவது முறுக்கிக்கொண்டால் அங்கே போய்த் தலையைக் கருவிக்குள் கொடுத்து நாள், இடம், காரணம் சொல்லிப் பதிய வேண்டும். கோபமும் காரணமும் மண்டையை விட்டுத் தரவுத்தளத்துக்குப் போய்விடும். ரத்த அழுத்தம் இறங்கிவிடும். யாரை விட்டு விலகி நடப்பது என்பதைப் பட்டை பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாடு வந்த பிறகு வட்டத்தில் அடிதடி என்று ஒரு வழக்குக்கூட இல்லை. நீதிமன்றக் கட்டடத்தில் இப்போது முயல் வளர்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தரவுத்தள மென்பொருளைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவ வேண்டியிருந்தது. கழற்றுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தான். இரண்டே முக்காலுக்கு நகல் முக்கால்வாசிதான் ஆகியிருந்தது. பதிவாளர் வடிவாம்பிகை மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள புதுசு ஓடணும்."

"இன்னும் அரை மணி நேரம் காட்டுது மேடம்."

"ராகு காலத்துல தொடங்குன எந்த மென்பொருள் உருப்பட்டிருக்கு? பழசை அழிச்சிட்டுப் போடுங்க."

அழித்தான். இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் புதியது பாதியில் நின்றது. நல்ல நேரத்திலேயே நின்றது. நகலில் மனத்தாங்கல்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. யாருக்கு யார் மேல் என்கிற பெயர் அட்டவணை மட்டும் வந்து சேரவில்லை.

வேறு வழியில்லை. புதன்கிழமை கவுன்டரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தான். ஊர் வரிசையில் நின்று குழம்பியது.

"'கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் இரண்டாவது தடவை பாயசம் வரவில்லை.' இது யாருது?"

பதினேழு பேர் கை தூக்கினார்கள். சுடலைக்கண் என்பவர் ஏற்கெனவே மூன்றைத் தனது என்று சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணுதானே இருக்கணும்?"

"எல்லாமே எனக்குப் பொருத்தமாத்தான் இருக்கு. எதை விட?"

மதியம் ஒரு பெண்மணி கவுன்டருக்கு வந்தார். கையில் கல்யாணப் பத்திரிகை. அவன் அக்கா கோமு. தெற்குத் தெருவில்தான் வீடு.

"ஏலே, வெள்ளிக்கிழமை செண்பகத்துக்குக் கல்யாணம்லா. தாய்மாமன்தான் கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டியாரணும். எல்லா வேலைக்கும் ஆள் போட்டாச்சு, அதுக்கு மட்டும் ஆள் போடல. எனக்கு ஒரு தம்பி இருக்கானேன்னு இன்னைக்குத்தான் உறைச்சுது."

"செண்பகத்துக்கு என்ன வயசுக்கா?"

"இருபத்தி நாலு."

பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவளைப் பார்த்த நினைவே இசக்கியப்பனுக்கு வரவில்லை.

"பதினோரு வருசமா நாம என்னடே பண்ணிக்கிட்டு இருந்தோம்?" என்றாள் அக்கா. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "உங்க அத்தானுக்கு ஆபரேஷன்னு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேனே. நீ ஏன் வரல?"

கோபம் இருந்திருந்தால் அதையாவது காட்டியிருக்கலாம்.

"கடைசியா எப்பக்கா பார்த்தோம்?"

"அம்மாவோட பதினாறாம் நாள் காரியத்துல."

அந்தத் தேதியைத் தேடினான். ஒரே இடம், ஒரே நாள், இரண்டு பதிவுகள். ஒன்றில் 'தம்பி மேல்'. மற்றதில் 'அக்கா மேல்'. திரையை அவள் பக்கம் திருப்பினான்.

காரணம்: அவனுக்கே தெரியும்.

காரணம்: அவளுக்கே தெரியும்.

அக்கா இரண்டையும் இரண்டு தடவை வாசித்தாள். "உனக்குத் தெரியுமாடே?"

"தெரியலக்கா. உனக்கு?"

"உனக்குத் தெரியும்னுல்லா நான் எழுதியிருக்கேன்."

வியாழன் மாலைக்குள் எல்லாவற்றையும் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. சேர்த்த மறுகணம் பட்டை அதிரும். மேடைக்கு இருபது அடியில் அவன் திரும்பி நடக்க வேண்டியதுதான். கடைசிச் சுற்றில் மேடம் அந்த இரண்டையும் தொட்டுக் காட்டினார். "இது யாருதுன்னு தெரிஞ்சுதா?"

"யாரும் கேட்டு வரல மேடம்," என்றான். அதில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை தாய்மாமன் சீராகப் பட்டுச் சேலையும் மாலையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனான். வாசலில் அக்கா பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். இவனும் சிரித்தபடி நடந்தான். முப்பது அடி, இருபத்தைந்து அடி. பட்டை சும்மா கிடந்தது.

இருபதாவது அடியில் அவன் கால்கள் தாமாகவே சுவர்ப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கின.

"ஏலே, எங்க போற?" என்று அக்காவின் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தான். பன்னீர்ச் செம்பைக் கையில் பிடித்தபடி அவளும் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா. நீ எங்க போற?"