சேலைக் கம்பி

பின் சக்கரத்தின் அச்சில் பச்சை நூல் ஒன்று சுற்றியிருந்தது. முந்தின நாளும் அதே இடத்தில்தான் இருந்தது. இயன் அதைக் குறட்டால் பிடித்திழுத்து வெட்டி எறிந்திருந்தான். இன்றைக்கு நூலோடு விரலகலத் துணியும் ஒட்டியிருந்தது, அதுவும் ஈரமாக. மோட்டார் சைக்கிளோ பட்டறைக்குள் நடு ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது. செயின் கழன்று மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறுகிறது. அந்தச் சக்கரம் சுற்றி எத்தனையோ நாளாகிவிட்டது.

பழுகாமத்தில் ஒரு வைக்கோல் கொட்டிலுக்குள் கிடந்த பழைய பிரித்தானிய பி.எஸ்.ஏ. அது. திவாகரன் என்ற விவசாயியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, லொறியில் ஏற்றி டச்பாரிலுள்ள தன் வாவிக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்தான் இயன். வந்த நாளிலிருந்து தான் சாப்பிட மறந்தாலும் அதற்கு எண்ணெய் போட மறந்ததில்லை. மட்கார்டை வெட்டிச் சிறிதாக்கி, ஒற்றைச் சீட்டு வைத்து, பந்தயத்துக்குப் போகிற மாதிரி அதை ஆக்கிவிட வேண்டுமென்பது அவன் ஆசை. மனைவி பமீலா குறுக்கே நின்றாள். நிறைமாத வயிற்றைத் தடவிக்கொண்டு, அப்படியென்றால் நான் எங்கே இருப்பது, ஹாண்டிலிலா என்று கேட்டாள். பின் சீட்டு தப்பியது.

தப்பாதது சேலைக் கம்பி. பின்னால் இருக்கும் பெண்ணின் சேலைத் தலைப்பு சக்கரத்துக்குள் போகாமல் தடுக்க, இடப் பக்கத்தில் யாரோ கையால் வளைத்து அடித்த கம்பிக் கூடு. அதில் கலையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. பமீலாவும் அவனைப் போல ஐரோப்பியர் வழிவந்த பறங்கி வீட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து கவுன்தான். அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் சேலை உடுத்தவே தெரியாது. நம் வீட்டுக்கு எதற்கு இந்தக் கூடு என்று அதை அறுத்தெடுத்து, பின்வளவால் வாவிக்குள் வீசினான். சைக்கிள் உடனே இளமையாகிவிட்டது போல அவனுக்குத் தோன்றியது.

மழை தொடங்கியது அதற்குப் பிறகுதான். வாவி பெருகி வளவுக்குள் வந்து, கேற்றைத் தாண்டி றோட்டையும் மூடிவிட்டது. அயலவர்கள் காலையிலேயே பாடசாலை முகாமுக்குப் போய்விட்டார்கள். பமீலாவால் அந்தத் தண்ணீர் இழுவையில் நடக்க முடியாது. விடிந்ததும் படகு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். முன்பு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறிப்போன வீடு அது. இந்தப் பிள்ளையையும் பமீலாவையும் பத்திரமாகப் படகில் ஏற்றிவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாமென்று இயன் மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். பயத்தை மறக்கத்தான் பட்டறைக்குள் வந்தான்.

அவன் துணியைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது. அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஒரு நூல் நுழையத்தான் இடமிருக்கும். அதற்குள்ளிருந்து முழங்கை நீளத்துக்குப் பச்சைச் சேலை, சேற்று நீர் சொட்டச் சொட்ட வந்து விழுந்தது. தகரக் கூரையில் மழை அறைந்தது. மண்ணெண்ணெய் நெடிக்கும் வாவிச் சேற்று மணத்துக்கும் நடுவே, வாட்டிய வாழையிலையில் சுடச்சுடக் கட்டிய சோற்றின் வாசம் வந்தது. அன்று அந்த வீட்டில் யாரும் சோறு சமைக்கவில்லை.

போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சமிருந்தது. திவாகரனை அழைத்து, சைக்கிளில் பழைய சேலை எதுவும் சிக்கிக் கிடந்ததா என்று கேட்டான்.

"கம்பியக் கழட்டிட்டீங்களா அண்ணன்?" என்று திவாகரன் கேட்டான்.

இயன் ஓமென்றான்.

திவாகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சைக்கிள் அவனுடைய பெரியப்பாவுடையது. ஒரு மழை நாளில் சோற்றுப் பொதியோடு பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு வயல் வட்டைக்குப் போயிருக்கிறார். தலை நனையாமல் அவள் சுற்றிப் போட்டிருந்த பச்சைச் சேலைத் தலைப்பு அவிழ்ந்து சக்கரத்துக்குள் போய்விட்டது. கழுத்து இறுகியது இவருக்குத் தெரியவில்லை. அவள் பயந்த சுபாவம், மெள்ளப் போங்க, மெள்ளப் போங்க என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வருவாளாம்.

"அதுக்குப் பிறகுதான் பெரியப்பா அந்தக் கம்பிய அடிச்சவர்."

"ஆள் செத்த பிறகு கம்பி என்னத்துக்கு?"

"பிறகும் ஏறுவாவாம் அண்ணன். கம்பி இருந்தா ஒண்டும் செய்யமாட்டாவாம். சும்மா வந்திட்டு இறங்கிருவாவாம்."

முதலே ஏன் சொல்லவில்லை என்று இயன் கத்தினான்.

"பழைய மாதிரியே வெச்சிருப்பன், ஒரு ஆணியும் மாத்தமாட்டன் எண்டுதானே கொண்டு போனீங்க," என்றான் திவாகரன். போன் அணைந்துவிட்டது.

இயன் பின்கதவைத் திறந்தான். கம்பி விழுந்த இடம் எதுவென்றே தெரியவில்லை. இருட்டுகிற வெளியெங்கும் மண்ணிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. புதிதாக ஒன்று அடிக்கலாமென்றால் கரண்ட் இல்லை, வெல்டிங் பிளான்ற் செத்துக் கிடந்தது. மூலையில் கிடந்த கம்பியை முழங்காலில் வைத்து வளைத்தான். கட்டுக் கம்பியால் சட்டத்தோடு சேர்த்து முறுக்கினான். முறுக்கியது அவிழ்ந்தது. மறுபடி முறுக்கினான்.

வாசல் பக்கம் தண்ணீரை அளைந்து யாரோ வந்தார்கள்.

பமீலா. அவனுக்கு உயிர் வந்தது. உள்ளே போகச் சொல்லலாமென்று நிமிர்ந்தான்.

அவள் சேலை உடுத்தியிருந்தாள்.

பச்சைச் சேலை. ஈரம். மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. தலைப்பு தலையை மூடி, கழுத்தைச் சுற்றித் தொங்கியது. கையில் வாழையிலைப் பொதி. அவனைப் பார்க்காமலே வந்தாள். பழகியவள் போல ஒரு பக்கமாகத் திரும்பி, பின் சீட்டில் ஏறி இருந்தாள். சீட்டின் சுருள் கம்பி கிறீச்சிட்டது.

இயன் என்று பெயர் சொல்லித்தான் பமீலா அவனை எப்போதும் கூப்பிடுவாள்.

"இஞ்சேருங்க," என்றாள். "கம்பி எங்க?"

சக்கரம் அசைந்தது.

செயின் இல்லை. எஞ்சின் ஓடவில்லை. அசைந்தது. தலைப்பின் நுனி உள்ளே போனது.

இயன் பாய்ந்து துணியைப் பிடித்தான். வழுக்கியது. இழுத்தான். நிற்கவில்லை. கையைச் சக்கரக் கம்பிகளுக்குள் முழங்கை வரை செருகினான். கை சட்டத்தில் மோதியது. கைக்குள்ளே ஏதோ முறிந்தது. சக்கரம் நின்றது.

இனி அவன் கையை எடுக்க முடியாது. எடுத்தால் சக்கரம் மறுபடி சுற்றும், அவள் செத்துவிடுவாள். எடுக்க நினைத்தாலும் வராது. பட்டறைக்குள்ளும் புகுந்த தண்ணீர் அவன் இடுப்புக்கு ஏறியது. தலைப்பு இறுகி, அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்கள் மட்டும் பமீலாவுடையவை. அகல விரிந்து, அவனையே பார்த்தன. ஈரச் சேலைக்கு அடியில் பிள்ளை ஒருமுறை உதைத்தது.

குளிர்ந்த கை ஒன்று அவன் தோளைப் பற்றியது, பின் சீட்டில் இருந்து வருகிறவர்கள் பற்றுவது போல.

"மெள்ளப் போங்க," என்றாள்.

சக்கரம் அவன் கையோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது.