தாமரைச்செல்வி செத்த அறை

கைப்பேசி அலறியது.

தனேஸ்வரன் எடுக்கவில்லை. எடுக்கிற நேரமா அது? தாமரைச்செல்வி செத்துக்கொண்டிருந்தாள்!

பயப்படாதீர்கள். அவள் செத்துக்கொண்டிருந்தது தனேஸ்வரனின் வாயில். 'ஆறாம் நம்பர் லயம்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி அவள். கடைசி வாரத்தில் அவள் உயிரை விட்டபோது மலேசியாவில் பாதித் தமிழ் வீடுகளில் சோறு இறங்கவில்லை. தொடர் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அவள் செத்த அறையைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அவர்களை வேனில் ஏற்றி, சிலிம் ரிவர் பக்கத்திலிருந்த பழைய ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுவதுதான் தனேஸ்வரனின் பிழைப்பு.

"செருப்ப வெளிய விட்டுட்டு உள்ள வாங்கக்கா. சாதாரண வீடு இல்ல. லொகேஷன்லா இது."

பெண்கள் பயபக்தியோடு செருப்பைக் கழற்றினார்கள்.

"இந்த மூலையிலதான் சாய்ஞ்சா. இந்தச் சுவத்துலதான் கடைசியா கை வெச்சா..."

ஒரு பெண் சுவரைத் தொட்டு மூக்கை உறிஞ்சினாள். தஞ்சோங் மாலிமிலிருந்து வந்திருந்த நல்லம்மாள் மட்டும் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி அலறல். திரையில் மனைவியின் பெயர். எரிச்சலோடு எடுத்தான்.

"என்ன பிரமிளா, வேலையில இருக்கேன்லா..."

"பிரமிளா இல்ல."

ஆண் குரல்!

"யாரு நீ? அவ போன் எப்படி ஒங்கிட்ட..."

"உன் வேன்ல ஒருக்கா வந்தவன். உன் பொஞ்சாதி எம் பக்கத்துல உக்காந்துருக்கா. கத்தி அதவிடப் பக்கத்துல இருக்கு."

குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம். நெஞ்சுக்குள் விசில் அடிப்பதுபோல இழுத்து இழுத்து வரும் மூச்சு. அந்த மூச்சு தனேஸ்வரனுக்குத் தெரியும். பிரமிளாவுக்கு ஆஸ்துமா.

"அண்ணே... அவ இன்ஹேலர குடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

"குடுப்பேன். நீ வந்த பொறவு. தாமரைச்செல்வி செத்தா பாரு, அந்த ரூமுக்கு வா. நெஜ ரூமுக்கு. இருட்டுறதுக்குள்ள வந்துரு. போலிஸ் சைரன் கேட்டுச்சுன்னா அவ மூச்ச நானே நிப்பாட்டிருவேன்."

"நெஜ ரூமா? அது எங்க இருக்கு?"

மறுமுனையில் சிரிப்பு. துளியும் சந்தோஷம் இல்லாத சிரிப்பு.

"உனக்கா தெரியாது?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்... தனேஸ்வரனுக்குத் தெரியாது!

தொடரில் வந்த லயங்களை, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, எப்போதோ இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். அவன் காட்டிக்கொண்டிருந்தது யாரோ கைவிட்ட மாட்டுக் கொட்டகை. சாணியைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பழைய கட்டில் ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. அந்தத் தொடரில் ஒரு நாள் கதையைக்கூட அவன் பார்த்ததில்லை. வேனில் வருகிறவர்கள் அழுதுகொண்டே பேசுவதைக் கேட்டுக்கொள்வான். வீட்டில் பிரமிளாவிடம் ஒத்திகை பார்த்துவிட்டு, அடுத்த முறை வருகிறவர்களிடம் அதையே ஏற்ற இறக்கத்தோடு எடுத்துவிடுவான்.

பெண்களை அவசரமாக வேனில் ஏற்றினான். சிலிம் ரிவர் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இறக்கிவிட்டான். நல்லம்மாள் மட்டும் இறங்கவில்லை.

"எறங்குங்கக்கா. அவசரம்."

"போன்ல பேசுனது எல்லாம் கேட்டுச்சு. அந்த ரூமப் பத்தி ஒனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். வண்டிய எடு."

வேன் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே, அவன் வீட்டுப் பக்கம், பறந்தது. ஓட்டிக்கொண்டே பக்கத்து வீட்டு சக்கீனாவை அழைத்தான்.

"அக்கா, எங்க வீட்டக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. பிரமிளா இருக்காளா?"

"கேட்டு பூட்டிருக்கு தம்பி. சன்னல் எல்லாம் சாத்திருக்கு. கடைக்குப் போயிருப்பா. ஏன்?"

அவன் இணைப்பைத் துண்டித்தான். கத்திக்காரன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்... வீட்டிலிருந்து எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்!

காலையில் அவள் காப்பி கலக்கிக் கொண்டுவந்து நின்றாள். கைப்பேசியை நோண்டிக்கொண்டே வாங்கிக் குடித்தான். அவள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அது இப்போது அறுத்தது.

"தம்பி," என்றாள் நல்லம்மாள். "அது மாட்டுக் கொட்டாய்னு நொழைஞ்சப்பவே தெரிஞ்சிருச்சு."

"அப்புறம் ஏன்க்கா சும்மா இருந்தீங்க?"

"அம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அழுதுட்டாச்சும் போலாம்னு பாத்தேன். அழுகை வரல. சாணி நாத்தம்தான் வந்துச்சு."

"அந்த ரூம் எப்படி இருக்கும்? சொல்லுங்க."

"நீதானே கைடு?"

"அக்கா... நான் அந்த நாடகத்தப் பாத்ததே இல்ல."

நல்லம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கொலைகாரனைப் பார்க்கிற பார்வை. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்குற பொண்ணுக்காக மன்னிக்கிறேன். கேட்டுக்க. அந்த ரூம்ல மொசைக் தரை. தோட்டத்து லயத்துல ஏது மொசைக்? வெளிய எடுத்தது தோட்டத்துல. உள்ள எடுத்தது ஏதோ டவுன் வீட்டுல."

"எந்த டவுனு?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நடிச்சவங்கள கேளு."

எந்த நடிகரின் எண்ணும் அவனிடம் இல்லை. கோப்பேங் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் லாரிகள் ஊர்ந்தன. தனேஸ்வரன் ஸ்டியரிங்கில் குத்தினான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இருட்டுறதுக்குள்ள... இருட்டுறதுக்குள்ள என்றானே... மழை இருட்டும் அதில் சேர்த்தியா? அவனுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதான்.

கைப்பேசி மின்னியது. பிரமிளாவின் எண். எடுத்தான்.

பேச்சில்லை. மூச்சு மட்டும். முன்னைவிட மெல்லிசாக.

"பிரமிளா... பேசும்மா... நான் வாரேன்... வந்துக்கிட்டே இருக்கேன்..."

துண்டிக்கப்பட்டது.

நல்லம்மாள் அவன் தோளில் கை வைத்தாள். "தம்பி, யோசி. நடிக்க வந்தவங்க சாப்பிடாமயா நடிச்சாங்க? சோறு போட்டவன் ஒருத்தன் இருப்பான்ல?"

தனேஸ்வரன் நிமிர்ந்தான்.

நைனா முகம்மது! ஜெலாப்பாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். கடைச் சுவரில் அந்தத் தொடர் நடிகர்களோடு பல்லைக் காட்டி நிற்கிற படம் தொங்கும். எத்தனையோ முறை அதன் கீழே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான். அழைத்துப் பார்த்தான். எடுக்க ஆளில்லை. தேநீர்க் கூட்டம் மொய்க்கிற நேரம்.

ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கடைக்குள் அவன் நுழைந்தபோது நைனா முகம்மது தே தாரிக் தேநீரைக் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. நனைஞ்சிட்டியே. உக்காரு, தே குடி."

"பாய், ஆறாம் நம்பர் லயம் ஷூட்டிங்குக்கு சாப்பாடு நீங்கதானே போட்டீங்க? உள்ள எடுத்த வீடு எங்க இருக்கு?"

"அது எப்பவோ நடந்தது. இப்ப எதுக்கு?"

"சொல்லுங்க பாய். இல்லன்னா பிரமிளா செத்துருவா."

குவளை கீழே இறங்கியது. தனேஸ்வரன் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னான். நைனா முகம்மது குரலைத் தாழ்த்தினார்.

"இங்கதான் தம்பி. ஜெலாப்பாங்லதான். பேக்டரிக்குப் பின்னால வரிசை வீடு இருக்குல்ல, அதுல மூலை வீடு. அப்ப காலியாக் கெடந்துச்சு. நாந்தான் தெனமும் மீ கோரேங் கொண்டு போய்க் குடுத்தேன்."

"ரெண்டு பக்கமும் மூலை வீடு இருக்கே பாய். எந்த மூலை?"

"மொத நாளு பூசை போட்டாங்க. பூசணிக்கா ஒடச்சு, வாசல்ல கற்பூரத்த குமிச்சுக் கொளுத்திட்டாங்க. சூடு தாங்காம வாசல் டைல் ஒண்ணு வெடிச்சிருச்சு. வீட்டு மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, ஆடிட்டான் ஆட்டம். அதே கலர் எங்கயும் கெடைக்கல. எங் கடையில மிச்சம் கெடந்த டைல் ஒண்ணக் குடுத்து நாந்தான் ஒட்டச் சொன்னேன். செவப்புக்கு நடுவுல ஒத்த பச்சை. இந்தா, இந்தப் பச்சைதான்."

கடையின் சுவரைக் காட்டினார்.

தனேஸ்வரன் அந்தப் பச்சையைப் பார்த்தான்.

பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்ன தம்பி, அந்தப் பச்சையையே பாக்குற?"

தினமும் காலையில் அந்தப் பச்சையின்மேல் நின்றுதான் அவன் காலில் சப்பாத்து மாட்டுவான்!

"பாய்... அது நான் குடியிருக்குற வீடு."

நைனா முகம்மது கைப்பேசியை எடுத்தார். "ஓடு. நான் போலிஸ கூப்பிடுறேன். சைரன் போடாம வரச் சொல்றேன். ஓடு தம்பி."

இரண்டு தெரு தாண்டி வேன் நின்றது. கேட்டில் உள்பக்கமிருந்து போட்ட பூட்டு. அதன் சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. இத்தனை நேரமும் இருந்தது!

கூடத்தில் ஓடும்போதே குளிர்சாதனப் பெட்டியின்மேல் கிடந்த இன்ஹேலரைப் பறித்துக்கொண்டான். பின்னறைக் கதவைத் தள்ளினான்.

பிரமிளா சுவரோரமாகத் தரையில் கிடந்தாள். கைகள் கட்டப்பட்டிருந்தன. உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தருகே கத்தி. கத்தியைப் பிடித்திருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மடியில் சட்டம் போட்ட ஒரு பெண்ணின் படம்.

"ஞாபகம் இருக்கா என்னை?"

தனேஸ்வரனுக்கு ஞாபகமில்லை. எத்தனை முகங்கள் அவன் வேனில் ஏறி இறங்கியிருக்கும்.

"கார்த்திகேசு. எம் பொஞ்சாதி நவமணிய வீல்சேர்லேருந்து தூக்கிட்டு வந்தேன் உன் கொட்டாய்க்கு. அவளுக்குக் கேன்சர். சாகுறதுக்குள்ள தாமரைச்செல்வி ரூம ஒருக்கா பாத்துரணும்னா. அந்தச் சுவத்துல கன்னத்த வெச்சு அழுதா. அவள எரிச்சுட்டு வந்த பொறவு ஒருத்தன் சொல்றான், அது மாட்டுக் கொட்டாய்னு."

"அண்ணே, மொதல்ல இந்த இன்ஹேலர..."

"கேளு. நெஜ வீட்டத் தேடி அலைஞ்சேன். அவ போட்டோவயாச்சும் இந்தச் சுவத்துல கொஞ்ச நேரம் சாத்தி வெக்கலாம்னுதான் வந்தேன். வேற எதுக்கும் வரல. இந்தப் பொண்ணு கதவத் தொறந்துச்சு. சுவத்துல கல்யாணப் போட்டோ. பாத்தா... நீ. நெஜ வீட்டுல நீ படுத்துத் தூங்கிட்டு, எங்க நவமணிய சாணியக் கும்பிட வெச்சியா?"

"சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணே. ரெண்டு பேருமே அந்த நாடகத்தப் பாத்ததில்ல. இவளுக்குப் பேக்டரியில நைட் ஷிப்ட். இந்த வீட்டுக்கு வந்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான்."

"பொய்."

இத்தனை வருடம் அவன் சொன்ன பொய்யை ஊரே நம்பியது. முதன்முதலாக ஓர் உண்மை சொல்கிறான். நம்ப ஆளில்லை!

"பொய் சொன்னவன் நான். அவ என்ன செஞ்சா? என்னை வெட்டுங்க அண்ணே. அவள விட்டுருங்க."

கத்தி அசையவில்லை. பிரமிளாவின் கண்கள் செருகின. தனேஸ்வரன் முழங்காலில் விழுந்தான்.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது.

"மொசைக்..."

வாசலில் நல்லம்மாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். கத்தியை அவள் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

"இதே தரை... இதே சன்னல்... இந்த மூலையிலதான் தாயே சாய்ஞ்ச..."

நேராக நடந்தாள். கார்த்திகேசைத் தாண்டிப் போய்ச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். வைத்துக்கொண்டு, வழியெல்லாம் வராத அழுகையை விம்மி விம்மி அழுதாள்.

கார்த்திகேசு அவளையே பார்த்தார். அதே மாதிரி சாய்ந்த தலை. அதே மாதிரி குலுங்கும் முதுகு.

"நவமணி இப்படித்தான்..." என்றார். "இப்படித்தான் அழுதா."

கத்தி மொசைக் தரையில் விழுந்தது.

தனேஸ்வரன் பாய்ந்தான். அதே கத்தியால் அவள் கைக்கட்டை அறுத்தான். இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினான். இழுத்தாள். விட்டாள். இன்னொரு முறை இழுத்தாள். அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் குழந்தைபோல் அழுதான்.

கார்த்திகேசு படத்தை நல்லம்மாளிடம் நீட்டினார். அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கி, அந்த மூலையில் சாத்தி வைத்தாள். போலீசார் சத்தமில்லாமல் உள்ளே வந்தபோது கார்த்திகேசு அதன் முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். அவராகவே கைகளை நீட்டினார்.

"அண்ணே," என்றான் தனேஸ்வரன். "அக்கா போட்டோ இங்கயே இருக்கட்டும்."

கார்த்திகேசு திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். போய்விட்டார்.

பிரமிளாவின் உதட்டில் மெல்ல ரத்தம் ஏறியது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவன் காலில் தோட்டத்துச் சேறு அப்பிய சப்பாத்து.

"என்னம்மா? ஏதாச்சும் வேணுமா? சொல்லு."

மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்:

"சப்பாத்த வெளிய கழட்டிட்டு வாங்க. லொகேஷன்லா இது."