ஏக்கமானி

செவ்வாய்க் குடியிருப்பில் விடிந்ததும் பால் பாக்கெட் மாதிரி வாசலுக்குக் காற்று வந்துவிடும். பூவராகன் அன்றும் காற்றுக் குப்பிகளை உள்ளே எடுத்து வைத்தார். வைக்கும்போதே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கே கட்டியிருந்த மானியின் முள் பச்சையில் நின்றது.

அதுதான் ஏக்கமானி. அவர் மகள் ஆதிரை பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் நீலப்புகைக்கு அடிமையானவள். காற்று ஆலையின் கழிவிலிருந்து யாரோ வடித்து விற்கிற விஷம் அது. மீட்பு இல்லத்தில் மாதக்கணக்கில் போராடி மீண்டவளின் காதுக்குப் பின்னால் ஒரு சில்லைப் பதித்து அனுப்பினார்கள். மனம் புகையைத் தேடினால் அப்பாவின் மணிக்கட்டில் முள் ஏறும்.

"ஏறினா பதறாதீங்க. பக்கத்துல உட்காந்து பேசுங்க, போதும்," என்றது இல்லத்தின் ஆலோசகி எந்திரம்.

பதறுவதில் பூவராகன் கெட்டிக்காரர். சாப்பிடும்போது பார்த்தார், குளிக்கும்போதும் பார்த்தார். கூடாரக் கண்ணாடியின் விரிசலை ஒட்டப் போன இடத்தில் முள்ளைப் பார்த்தபடி, தன் கையுறையைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார். தன்னைப்போல் பொறுப்பான தகப்பன் இரண்டு கிரகத்திலும் இல்லை என்று அதிலும் ஒரு பெருமை.

ஒரு சாயங்காலம் முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறியது. ஆதிரை எதிரே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்பா, ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் பேசணும்."

"இரும்மா! உனக்கு முள் ஏறிக்கிட்டே போகுது. அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன், பேச்சு குடுக்காத."

அவர் நிமிர்ந்தபோது அவளைக் காணவில்லை.

புகை விற்கும் குழாய்ச் சந்துக்கு ஓடினார். அங்கே அவள் இல்லை. அதற்குள் முள் மளமளவென்று பச்சைக்கு இறங்கியது. புகைத்துவிட்டாலும் அது இறங்கும். மீட்பு இல்லத்துக்கு ஓடினார்.

வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவில் ஆதிரை காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

"பேச ஆள் வேணும்னு தானாவே வந்தா. புகை பக்கமே போகலை," என்ற எந்திரம் கையை நீட்டியது. "அந்த மானியைக் கழட்டிக் குடுங்க."

பூவராகன் மணிக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன். சத்தியமா இதுதான் கடைசி."

அந்த வசனத்தைச் சொல்லாத பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லை. கொல்லென்று சிரித்தார்கள். ஆதிரை மட்டும் சிரிக்காமல் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.

"வந்து உட்காருங்கப்பா. முதல் வாரம்தான் கஷ்டமா இருக்கும்."