பெல்ட்டுக்கு அந்தப் பக்கம்

"அப்பா, ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் குளிருது. அந்தப் பெல்ட்டுக்குக் காய்ச்சல் வராதா?"

பரமசிவன் எஞ்சின் டிரைவராக வேலைக்குச் சேர்ந்த அன்று, சாப்பாட்டுத் தூக்கோடு தாயின் கையைப் பிடித்து வந்த மகள் குழல்வாய்மொழி கேட்ட கேள்வி இது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆனி மாதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே, சுண்ணாம்பு உதிர்ந்து நின்றது அந்தப் பழைய ஐஸ் பாக்டரி.

கேட்டவர்கள் சிரித்தார்கள். பரமசிவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியானதுதான்.

கட்டடத்தின் நடுவே ஒரு தடித்த சுவர். இந்தப் பக்கம் எண்ணெய் எஞ்சின். எந்த இரும்பைத் தொட்டாலும் கை வெந்துபோகும். அந்தப் பக்கம் ஐஸ் உறையும் குளிரறை, அங்கேதான் குளிரை உண்டாக்கும் கம்ப்ரஸர். சுவரில் விட்ட பொந்தின் வழியாக ஒரு நீளத் தோல் பெல்ட்டு ஓடி எஞ்சினின் வேகத்தை அங்கே கொண்டுபோகும். வெக்கையில் காய்ந்து, குளிரில் நனைந்து விறைத்து, அதன் தையல் அடிக்கடி விட்டுப்போகும். குளிரறை ஆள் முப்பிடாதி எஞ்சினை நிறுத்தியதும், தோல் வாரால் மறுபடி தைப்பான்.

இரண்டு பக்கத்தில் நிற்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. கூப்பிட்டாலும் கேட்காது. ஆகவே ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினைக் கிளப்புமுன் டிரைவர் சுவரில் ஸ்பானரால் தட்டவேண்டும். "விலகிவிட்டேன்" என்பதற்கு அங்கிருந்து இரண்டு தட்டு வரவேண்டும். அது வராமல் கிளப்பக் கூடாது.

மகளின் கேள்வி பரமசிவனின் மனசில் தங்கிவிட்டது. பெல்ட்டு கிடக்கட்டும், அங்கே நிற்கிற மனுஷனுக்குக் குளிருமே என்று நினைத்தான். மறுநாளிலிருந்து ஒரு துண்டைப் புகைக்குழாயின் மேல் போட்டுச் சூடாக்கி, எஞ்சின் நிற்கும் நேரம் பொந்தின் வழியே நீட்டினான். உள்ளிருந்து யாரோ மெல்ல வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் துண்டு பொந்தின் விளிம்பில் கிடக்கும். அப்பளம் போல விறைத்து, ஒழுங்காக மடித்து.

சீசன் கூடியது. அருவிக்கு வருகிற கூட்டத்துக்குச் சர்பத்தும் சோடாவும் விற்கிற கடைகள் எல்லாம் ஐஸ் கேட்டன. எஞ்சின் ஓய்வதே அரிதாயிற்று. பரமசிவனின் கண்கள் எரிந்தன. சோற்றைப் பிசைந்த கையோடு தூங்கினான். காதுக்குள் பெல்ட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சுக்குக்காப்பி குடிக்கையில் முப்பிடாதியிடம் கேட்டான்.

"துண்டு கணகணப்பா இருக்குல்லா?"

"எந்தத் துண்டு அண்ணாச்சி?"

"தினமும் நீட்டுதேனே, பொந்து வழியா."

முப்பிடாதி டம்ளரைக் கீழே வைத்தான்.

"நான் தைக்கப் போற நேரம் தவிர அந்தப் பொந்துப் பக்கமே அண்ட மாட்டேன். வெளையாடாதீரும்."

"யாரு வெளையாடுதா? வாங்கிட்டு மடிச்சும்லா வைக்கே?"

முப்பிடாதி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"போன சீசன்ல அங்கன நின்னவன் மாடன். தையல் போட்டுக்கிட்டு இருந்தான். முந்தின டிரைவரு பதில் தட்டுக்குக் காத்திருக்கல. லாரி நிக்குதுன்னு கிளப்பிட்டாரு. கை உள்ள போச்சு. ஆளும் போயிட்டான். அம்புட்டு ரத்தத்துலயும் 'குளிருதுலே, குளிருதுலே'ன்னுதான் சொன்னான்."

சாரல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"நாளையிலேருந்து நீட்டாதீரும் அண்ணாச்சி."

பரமசிவன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தான். "குளிருதவனுக்குக் குடுத்தாச்சு. செத்தவன்னு தெரிஞ்ச பொறவு இல்லைங்கவா முடியும்?"

"நல்ல மனுஷன்வே நீரு. ஆனா கிறுக்கு."

மறுநாள் துண்டை நீட்டும்போது பரமசிவன் ஆய்க்குடி முருகனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

துண்டு நகர்ந்தது.

விரல் நுனியில் ஏதோ பட்டது.

ஐஸைத் தொட்டுப் பழகிய கைதான் அவனுடையது. இது ஐஸின் குளிர் அல்ல.

பயந்தான். ஆனாலும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் அதே பயம், அதே துண்டு.

ஆடி பிறந்தது. ஒரு பிற்பகல், மேகம் மலையை விட்டு இறங்கி வயல் வரை வந்துவிட்டது. பெல்ட்டின் தையல் விட்டது. எஞ்சினை நிறுத்தினான் பரமசிவன். முப்பிடாதி தைக்கப் போனான். வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. பரமசிவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தலை தொங்கிவிட்டது.

"என்ன வே, தூங்குதீரா?" மேனேஜர் நாறும்பூநாதன் வாசலில் நின்றார். அவரும் பல நாள் தூங்காத முகம். "லாரிக்காரன் என் சட்டையைப் பிடிக்காத குறை. தச்சு முடிச்சிருப்பான். கிளப்பும்." சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார்.

பரமசிவன் ஸ்பானரை எடுத்துச் சுவரில் தட்டினான்.

டொக். டொக்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு, பதில் வந்துவிட்டது. காற்றுக் குழாயின் கைப்பிடியைப் பற்றினான். அதைத் திருப்பினால் காற்று சீறிப் பாயும், சக்கரம் சுழலத் தொடங்கும்.

கைப்பிடி திரும்பவில்லை.

பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். அப்போதுதான் உள்ளங்கை சில்லிட்டது. குனிந்து பார்த்தான். வேர்வை காயாத அந்த அறையில், சுடுகிற இரும்பின் மேல், வெள்ளையாய் உறைபனி படர்ந்திருந்தது. மணிக்கட்டு வரை ஏறியிருந்தது. கை கைப்பிடியோடு ஒட்டிப்போயிருந்தது.

காதருகே, பெல்ட்டு தைக்கிற பச்சைத் தோலின் வாடை.

"குளிருதுலே."

யாரும் இல்லை.

கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். கட்டடத்தைச் சுற்றி, மழையில் வழுக்கி விழுந்து எழுந்து, குளிரறைக் கதவைத் தள்ளினான்.

முப்பிடாதி பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே முழங்கை வரை இரண்டு கைகளையும் விட்டிருந்தான். பல்லில் தோல் வார். பக்கத்தில் மரச் சுத்தியல்.

"என்ன அண்ணாச்சி, பேயைப் பாத்தாப்ல?"

"நீ பதில் தட்டினியாலே?"

"இல்லையே. ஒண்ணுமே கேக்கலையே. தச்ச இடத்தை மட்டமாக்க ரெண்டு போடு போட்டேன்."

பரமசிவன் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ நாள் கேட்டுப் பழகிய காதுக்கு, களைத்த காதுக்கு, சுத்தியல் போட்ட இரண்டு போடும் அந்த இரண்டு தட்டாகவே கேட்டிருந்தது. ஒரு விரல் அகலம் அந்தக் கைப்பிடி திரும்பியிருந்தால் முப்பிடாதி வீட்டிலும் ஒரு பெண் தாலியறுத்திருப்பாள். பரமசிவனும் அந்த முந்தின டிரைவர் ஆகியிருப்பான்.

"கையை வெளிய எடுலே" என்றான்.

முப்பிடாதிக்கு நடந்தது எதுவும் தெரியாது. மேனேஜர் அப்போது அங்கே இல்லை. ஒரு துண்டுச் சூட்டுக்கு ஒரு உயிரைத் திருப்பிக் கொடுத்தவனை யாரும் பார்க்கவில்லை. கொடுத்தால் அதோடு முடிந்தது என்று நினைக்கிறோம். வாங்குகிறவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

பரமசிவன் தனியாக எஞ்சின் அறைக்குத் திரும்பினான். கைப்பிடியில் உறைபனி உருகியிருக்கவில்லை. அதில் ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. அவனுடையதைவிடப் பெரியது.

"போதும்ப்பா" என்று முணுமுணுத்தான். "நீயும் களைச்சுப் போயிருப்ப. போய்ப் படு."

அந்தப் பதிவின் மேல் தன் கையை வைத்தான்.

பனி மெல்ல வெதுவெதுப்பானது, உடம்புச் சூடு போல. ஆனால் உருகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் கை அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது.