முறை தெரியாத கதவு

நிலாவில் ஒரு கதவைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒவ்வொரு குமிழ்நகரையும் ஒவ்வொரு நாடு கட்டியது. ஒவ்வொன்றின் கணிப்பொறியும் உலகத்தை, உறவுமுறை உட்பட, தன் இஷ்டத்துக்கு வகைபிரித்து வைத்திருந்தது. ஒரு நகரத்து ஆள் இன்னொன்றுக்குள் போக, அவர் யார் என்பதில் இரண்டு பொறிகளும் ஒத்துப்போக வேண்டும். அவை முறைத்துக்கொண்டால் சமரசம் செய்பவள் தங்கபுஷ்பம். பதவியின் பெயர் பொருளிணக்கர்.

அன்று சுடலைமணி வந்து நின்றான். அடுத்த நகரத்தில் மறுநாள் அவன் தங்கை பேச்சிக்குக் கல்யாணம். பெற்றவர்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் மட்டுமே அனுமதி. கதவு அவனைக் கசின் என்று சொல்லித் தள்ளிவிட்டது.

“சித்தி மவ எப்படிக்கா கசினாவா? அவளுக்கு அண்ணன்னு நான் ஒருத்தன்தான். நான் போகலன்னா பொரி யாரு போடுவா?” என்றான் அவன்.

மணப்பெண் கையில் பொரி போடுவது அண்ணனின் உரிமை. புஷ்பத்துக்கு அதைச் சொல்லியா தெரிய வேண்டும்? இதென்ன பிரம்மவித்தையா என்று, எல்லாப் பொறிகளும் பார்த்து நடக்கும் பொது இணக்கச் சட்டகத்தில் ஒரே வரி எழுதினாள்: கசின் என்றால் உடன்பிறப்பு.

சாயங்காலம் ஊரே அமளிதுமளிப்பட்டது. அத்தை மகனைக் கட்டியவள், மாமன் மகளைக் கட்டியவன் எல்லாரும் அண்ணன் தங்கையாகிவிட்டார்கள். தம்பதிக் குடியிருப்புகள் ஜோடிக்கு ஒருவரை வெளியே நிறுத்திவிட்டன. புஷ்பத்தின் கணவன் ஆறுமுகக்கனி, அவளுடைய அத்தை மகன், பையும் கையுமாக அலுவலகத்துக்கே வந்துவிட்டான்.

“ஏட்டி, இத்தன வருசம் குடும்பம் நடத்திட்டு என்னய அண்ணனாக்கிட்டியே!”

“சும்மா இருங்க அத்தான், நானே வெக்கத்துல கெடக்கேன்.” சொல்லும்போதே சிரித்துவிட்டாள்.

சிரித்து ஓய்ந்தபோது தவறு புரிந்தது. கதவுக்கு ஒரே உறவாக இருந்தது தமிழருக்கு இரண்டு: அத்தை மகன் மாப்பிள்ளையாகலாம், சித்தி மகன் ஒருநாளும் ஆக முடியாது. அவள் அந்த வரியை அழித்தாள். எந்தப் பொறியின் வகைபிரிப்பிலும் கைவைக்கவில்லை. இந்தக் காரியத்தில் இவர் எந்த இடத்தில் நிற்கிறார், அந்த இடத்தைத் தந்தது யார் என்று மட்டும் கேட்கும்படி சட்டகத்தைத் திருத்தினாள். இரண்டு பொறிகளும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டன.

மறுநாள் காலை புஷ்பமும் கதவருகே போய் நின்றாள்.

“திருமணத்தில் நீங்கள் யார்?” என்றது கதவு.

“அண்ணன்,” என்றான் சுடலைமணி.

“அந்த இடத்தைத் தந்தவர்?”

கதவின் ஒலிபெருக்கியில் அடுத்த நகரத்திலிருந்து பேச்சியின் குரல் கேட்டது. “நாந்தான்! சீக்கிரம் உள்ள விடு, முகூர்த்தம் தப்பிரும்!”

கதவு திறந்தது. அவனை வழியனுப்ப வந்த மரியா ஒதுங்கி நின்றாள். தாயில்லாத பேச்சிக்கு விடுதியில் சோறு போட்டு, தலைவாரி வளர்த்தவள் அவள். எந்தப் பொறியிலும் அவளுக்குப் பெயர் இல்லை. கதவு அவளையும் அதே கேள்வி கேட்டது.

“நான்... அம்மா,” என்றாள் மரியா, தப்பாகச் சொல்லிவிட்டவள் போல.

“அந்த இடத்தைத் தந்தவர்?”

பேச்சி முந்திக்கொண்டு சொன்னாள். “அதுவும் நாந்தான்.”

கதவு மூடாமல் அவளுக்காகக் காத்திருந்தது.